நல்ல காற்றுக்கு எண்பது சதவீத வரி

பெறுநர்:
நிதி அமைச்சு,
கொழும்பு 01.

பொருள்: அதிசொகுசுக் காரின் மேலதிக வசதிகளைப் புத்தளம் கரையோரத்துக்கும் பொருத்தித் தரக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

2020 மார்ச்சில் டொலரைக் காப்பாற்றப் பூட்டிய வாகன இறக்குமதிக் கதவைத் தனியார் கார்களுக்கும் 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டீர்கள். அதற்கு எங்கள் நன்றி. கார் வாங்கப்போகும் மகிழ்ச்சியில் சொல்லும் நன்றியல்ல இது. கதவோடு சேர்த்து நீங்கள் வெளியிட்ட வரி அட்டவணைக்கான நன்றி. இந்த நாட்டில் எதெல்லாம் ஆடம்பரம் என்று அரசு இவ்வளவு தெளிவாக எழுதித் தந்தது எங்களுக்குப் பெரிய உதவி. எஞ்சினின் கன சென்ரிமீற்றருக்கு ஏற்ப உற்பத்தி வரி. பெற்றோல் ஹைபிரிட் காரின் இறக்குமதிப் பெறுமதி 55 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 80 சதவீதம் ஆடம்பர வரி. முடிவில் 18 சதவீத வற். ஆகவே, வாங்குபவர் கம்பனியின் ஒப்ஷன் பட்டியலில் சரி போடும் ஒவ்வொரு கட்டமும் காரின் பெறுமதியை உயர்த்தி, நேரே உங்கள் 80 சதவீதத்துக்குள் வந்து விழுகிறது. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கும்படி கேட்பதற்கே இக்கடிதம்.

உதாரணத்துக்கு மெர்சிடஸ் ஏஎம்ஜி எஸ் 63 ஈ பெர்ஃபோமன்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 4 லீற்றர் வி8 எஞ்சின், கூடவே மின்மோட்டார், இரண்டும் சேர்ந்து 802 குதிரைவலு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை 3.3 செக்கனில் தொடும். மணிக்கு 250 கிலோமீற்றரில் கம்பனியே அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது; மேலதிகப் பணம் கட்டினால் கடிவாளம் 290 வரை தளரும். நம் நாட்டு அதிவேகப் பாதைகளில் சட்டம் அனுமதிப்பது 100. அந்தப் பாதையும் கொழும்பிலிருந்து வடக்கே கட்டுநாயக்காவோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் சிலாபம், முந்தல், புத்தளம் என்று வருபவர், பேருந்துக்கும் லொறிக்கும் முச்சக்கரவண்டிக்கும் பின்னால் ஏ3 வீதியில் ஊர்ந்துதான் வரவேண்டும். எனவே 290 எங்களுக்கு வேண்டாம். ஆசனத்தைச் சூடாக்கும் வசதியும் வேண்டாம். கற்பிட்டி வெயிலில் அதை இலவசமாகவே பெறுகிறோம். இவற்றை நீங்கள் ஆடம்பரம் என்றால் ஒருவரும் மறுக்க மாட்டார்.

ஆனால் இத்தகைய சொகுசுக் கார்களின் ஒப்ஷன் பட்டியல்களில் மறுபாதி வேறு வகை. வெளிக்காற்றில் நுண்துகள் எவ்வளவு என்று அளந்து, வடிகட்டி உள்ளே விடும் கருவி. இருட்டில் வீதியோரம் நிற்கும் மனிதரையும் மிருகத்தையும் முன்கூட்டியே திரையில் காட்டும் இரவுப்பார்வைக் கமரா. குழியும் மேடும் உடம்பில் தெரியாதபடி தாங்கும் காற்று சஸ்பென்ஷன். எஸ் கிளாஸ் வரிசையில் 2013இலேயே, முன்னால் வரும் மேடுபள்ளத்தைக் கமராவால் பார்த்துச் சக்கரங்களைத் தயார்படுத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இவை என்ன? சுத்தமான காற்று, இரவில் பாதுகாப்பு, ஒழுங்கான வீதி. ஒரு பிரதேச சபைத் தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் இருக்கவேண்டியவை ஒரு காரின் விலைப்பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் ஆடம்பர வரியும் அறவிடுகிறீர்கள்.

இந்த வசதிகளுக்கு நாட்டிலேயே அதிகம் வேலை இருக்கும் இடம் எங்கள் மாவட்டம்தான் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம். நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகோடு தொடங்கிய லக்விஜய அனல் மின்நிலையம் 2014இல் மூன்று அலகுகளாக, 900 மெகாவாட்டாக வளர்ந்தது. கடற்காற்று ஊர்ப்பக்கம் வீசும் மாதங்களில் கரித்தூசும் சாம்பலும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வருகின்றன என்பது சுற்றுவட்டாரத்தாரின் நெடுநாள் முறைப்பாடு. கொழும்பின் குப்பைக்கு நீங்கள் தெரிவுசெய்த அருவக்காடும் இங்கேதான். அதை எதிர்த்துப் புத்தளத்தார் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரவுப்பார்வைக் கமராவுக்கோ ஓய்வே கிடைக்காது. புத்தளம், கற்பிட்டி வீதிகளில் கழுதைகள். அனுராதபுர வீதியில் கருவலகஸ்வெவப் பக்கம் காட்டு யானைகள். எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் மாரியில் கலா ஓயாவுக்குள் போய்விடும்போது, பொத்தானை அமுக்கினால் உடம்பைச் சற்று உயர்த்திக்கொள்ளும் காரே தலைகுனிந்து திரும்பவேண்டியதுதான்.

இனி உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, இது பொறாமை என்பது. பணமுள்ளவர் வரி கட்டி வாங்குகிறார், அந்த வரி பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது, இதில் யாருக்கு என்ன நட்டம்? நியாயமான பேச்சு. அதனால்தான் வரியைக் குறையுங்கள் என்றோ காரைத் தடைசெய்யுங்கள் என்றோ நாங்கள் கேட்கவில்லை. வடிகட்டிய காற்றுக்கு விலை உண்டு என்று ஒத்துக்கொண்டு அதில் பங்கு வாங்கும் அரசு, வடிகட்டாத காற்றைச் சுவாசிப்பவருக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. வரிப்பணமெல்லாம் திரட்டு நிதியத்துக்குப் போகும், இந்த ரூபா இந்த வேலைக்கு என்று பிரிக்க முடியாது என்பீர்கள். பிரிக்க வேண்டாம். வரவுசெலவுத் திட்டத்தின் செலவுப் பக்கத்திலும் இதே பட்டியல் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இன்று பணக்காரர் காரில் இருப்பது நாளை எல்லோர் காரிலும் வரும். ஆடம்பரம்தான் முன்னேற்றத்தின் முதற்படி என்பார்கள். பாதி உண்மை. சறுக்கும் காரை நேராக்கும் ஈஎஸ்பி ஏற்பாட்டை மெர்சிடஸ் 1995இல் தன் விலை உயர்ந்த எஸ் 600 கூப்பேயில்தான் பொருத்தியது. ஆனால் அது கீழே இறங்கிய விதத்தைப் பாருங்கள். 1997இல் சுவீடனில் நடந்த ஒரு சோதனையில் அதே கம்பனியின் சிறிய ஏ கிளாஸ் கார் குடைசாய்ந்தது. உலகம் சிரித்தது. அதன்பின் ஏ கிளாஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஏற்பாடு மேலதிகக் கட்டணமின்றி வந்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. வசதி தானாகக் கீழே இறங்கவில்லை. அவமானமும் சட்டமும் சேர்ந்து இறக்கின. சட்டம் போடும் அதிகாரம் உங்களைப் போன்றவர்களிடம் இருக்கிறது. மற்றதை இப்படிப்பட்ட கடிதங்களால் எங்களால் இயன்றவரை வழங்குகிறோம்.

மூன்றாவதாக, அரசே சிக்கனத்துக்குத் திரும்பிவிட்டது என்பீர்கள். 2025 மே மாதம் ஜனாதிபதி செயலகத்தின் வாகனங்கள் ஏலம் போயின. விற்ற 17 வாகனங்களுக்குச் சுமார் 200 மில்லியன் ரூபா கிடைத்தது. மெத்தச் சரி. ஆனால் அரசன் பல்லக்கிலிருந்து இறங்கியதால் குடிமகன் நடக்கும் பாதை செப்பமாகிவிடாது. சொகுசைக் கைவிடுவது ஒரு வேலை. அத்தியாவசியத்தைத் தருவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்த புகைப்படம் இரண்டாவதைச் செய்ததற்கான பற்றுச்சீட்டு ஆகாது.

அத்தியாவசியம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கரையின் கண்ணாடியிழைப் படகுகளுக்கு ஒப்ஷன் பட்டியலே இல்லை. பின்னால் ஒரு எஞ்சின், அதற்கு மண்ணெண்ணெய், அவ்வளவுதான். 2012 பெப்ரவரியில் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக மண்ணெண்ணெய் ஏறியபோது சிலாபத்தில் கடற்றொழிலாளர் வீதிக்கு இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். அவர்கள் கேட்டது மேலதிக வசதியல்ல, எஞ்சின் ஓடுவதற்கான எண்ணெய். 2022 ஆகஸ்டில் அதே எண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. நட்டத்துக்கு விற்க முடியாது என்ற உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கார்க்காரரின் காற்றுவடிகட்டியை ஆடம்பரம் என்று அடையாளம் காணும் அட்டவணையில், படகுக்காரரின் எண்ணெயை அத்தியாவசியம் என்று அடையாளம் காணும் நிரல் எங்கே?

ஆகவே எங்கள் விண்ணப்பம் சிறியது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தோடு புத்தளம் மாவட்டத்துக்கென்று ஒரு பொருத்துபாகப் பட்டியலை வர்த்தமானியில் வெளியிடுங்கள். நுரைச்சோலையைச் சுற்றிக் காற்றுத் தரத்தை அளந்து, அளவை ஊர்ப் பொதுப்பலகையில் நாள்தோறும் எழுதுதல். சாம்பல் மேட்டையும் நிலக்கரி முற்றத்தையும் மூடுதல். யானை கடக்கும் இடங்களில் விளக்கும் வேலியும். மாரியிலும் கடக்கக்கூடிய பாலம். எண்ணெய் விலை ஏறும் நாளிலேயே படகுக்குப் போய்ச்சேரும் மானியம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம் இருக்கட்டும். செலவு அதிகம் என்று தோன்றினால், 80 சதவீதம் ஆடம்பர வரி சேர்த்தே எங்களுக்குப் பில் அனுப்பலாம். நாங்கள் சுவாசிப்பது ஆடம்பரம் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட முதல் ஆவணமாக அது இருக்கும். வழக்குப் போட அதுவே எங்களுக்குப் போதும்.

இங்ஙனம்,
புத்தளம் கரையோர வரியிறுப்பாளர் ஒருவர்