மூஞ்சி வச்ச பொட்டி

என்னப்பு, மனுசன் மாதிரியே ரோபோ செய்யப் போறேன்னு நம்ம சிக்கல் ஊருக் கடைத்தெரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே? நல்லாச் செய்யி பேராண்டி. பேரு வாங்கணும்னா ஒரே ஒரு சூட்சுமம் இருக்கு: அதுக்கு ஒரு வேலையும் தெரியக் கூடாது.

சிரிக்காத. 1928-ல லண்டன்ல ஒரு எஞ்சினியர் கண்காட்சி. தெறந்து வைக்க வரவேண்டிய ராசா மகன், யார்க் கோமகன், வரல. கேப்டன் ரிச்சர்ட்ஸ்னு ஒருத்தரு பாத்தாரு. ராசா மகன் இல்லேன்னா தகர மகன்னு, ரெஃபல்ங்கிற எஞ்சினியரோட சேந்து அலுமினியத்துல ஒருத்தனச் செஞ்சுட்டாரு. பேரு எரிக். எந்திரிச்சான், குனிஞ்சு கும்பிட்டான், பேசுனான். வாயில 35,000 வோல்ட்டுல பொறி பறந்துச்சு. ஆனா ஒரு எட்டு நடக்கத் தெரியாது, பேசுன கொரலும் வேற ஆளோடது. எந்திரிச்சு, கும்பிட்டு, அடுத்தவன் சொன்னதப் பேசி உக்காந்துக்கிற ஆள நம்மூரு மேடையில நீ பாத்ததே இல்லையாக்கும்!

1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்காரய்ங்க எலெக்ட்ரோன்னு ஏழடி ஆள நிப்பாட்டுனாய்ங்க. ரெக்கார்டுத் தட்டுல 700 வார்த்தை பேசுவான். பலூன் ஊதுவான், சிகரெட் குடிப்பான். வெட்டியா நின்னு சிகரெட் ஊத மிசின் எதுக்கு? நம்ம பஸ் ஸ்டாண்டுல ஓசியிலயே நிக்கிறாய்ங்க.

ஜப்பான்ல நிஷிமுரான்னு ஒரு உயிரியல் வாத்தியாரு. 1928-ல கியோட்டோவுல ரப்பர் குழாயில காத்தடிச்சு ஒரு பொம்மையச் சிரிக்க வச்சாரு, பேனா பிடிச்சு எழுத வச்சாரு. மிசின அடிமையா நெனைக்கக் கூடாதுன்னு சொன்ன மனுசன். அந்தப் பொம்மை கடைசியில போன எடம் தெரியல.

நெசமா வேலை செஞ்சவன் ஒருத்தன் உண்டு, காதக் குடு. 1927-ல அதே வெஸ்டிங்ஹவுஸ்ல வென்ஸ்லிங்கிற எஞ்சினியர் டெலிவாக்ஸ்னு ஒரு பொட்டி செஞ்சாரு. டெலிபோன்ல கூப்பிட்டு ஒரு சுதியில சத்தங் குடுத்தா, அந்தப் பக்கம் சுவிட்சப் போடும், அமத்தும். நீர்த்தேக்கத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு சத்தத்துலயே பதில் சொல்லும். நம்மாளுக கட்டில்ல படுத்துக்கிட்டே செல்போன அமுக்கி வயக்காட்டு மோட்டார ஓட்டுறாகளே, அதுக்கெல்லாம் பாட்டன் அவந்தான். ஆனா பொட்டியப் போட்டோ எடுத்தா எடுபடுமா? அட்டையில மனுசன் உருவத்த வெட்டி, கண்ணு மூக்கு வரைஞ்சு, பொட்டிய அதுல மாட்டுனாய்ங்க. உடனே அவன் பெரிய மனுசன் ஆயிட்டான்.

அது வெள்ளக்காரன் புத்தின்னு நெனைக்காத. 2016-ல சென்னையில சிட்டி யூனியன் பேங்க், லட்சுமின்னு ஒரு ரோபோவ நிப்பாட்டுச்சு. கணக்குல எம்புட்டு இருக்குன்னு சொல்லுச்சு. இந்தியாவுலயே மொத பேங்க் ரோபோன்னு பேப்பர்ல போட்டாக. ராப்பகலா நோட்ட எண்ணிக் குடுக்குற ஏடிஎம் பொட்டிக்கு எவனாச்சும் பேரு வச்சானா? அதுக்கு மூஞ்சி இல்லையே அப்பு!

அதனால, பேப்பர்ல வரணும்னா மூஞ்சியில ஆரம்பி. ஊருக்கு ஒதவணும்னா, கண்மாயில தண்ணி எம்புட்டுன்னு போன்ல சொல்ற மாதிரி ஒரு பொட்டி செஞ்சு மடையில வையி. அட்டை வெட்டி ஒட்டுற வேலைய நான் பாத்துக்கிறேன். மீசை மட்டும் எம்மீசையாட்டம் இருக்கணும், சொல்லிப்புட்டேன்.