சொட்டுவதை அடைக்காதீர்கள்

மாரி இறங்கிவிட்டது. இந்தக் கிழமைத் தபாலில் குளியலறைக் கேள்விகளே குவிந்து கிடக்கின்றன. ஆகவே இம்முறை முழுவதும் சுடுதண்ணீர்தான்.

● வெயில் கொளுத்தும் ஊரில் ஹீட்டர் பூட்டுவது வீண் ஆடம்பரம் இல்லையா?
– வாசகர், கல்முனைக்குடி

சித்திரையில் ஆடம்பரம்தான். மார்கழி மழையில் சுபஹுக்கு எழுந்து வுழூ எடுக்கும் முதிய வாப்பாவைக் கேளுங்கள். பிள்ளை பெற்று வந்திருக்கும் மகளைக் கேளுங்கள். பதில் மாறிவிடும்.

● ஹீட்டர் போட்டதும் தாங்கியின் கீழுள்ள வால்விலிருந்து தண்ணி சொட்டுது. மூடி போட்டு அடைக்கலாமா?
– வாசகி, சாய்ந்தமருது

அடைக்கவே கூடாது, ராத்தா. சூடேறினால் தண்ணீர் விரியும். 30 லீற்றரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்றினால் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் கூடிவிடும். வந்த வழியே திரும்ப விடாமல் ஒருவழி வால்வு மறித்து நிற்கிறது. கூடிய தண்ணீருக்கு அந்தச் சொட்டுத் துளைதான் வாசல். அதை அடைத்த வீட்டில் ஒருநாள் தேர்மோஸ்டாட்டும் பழுதானால், தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் ஆவியாக இடமின்றி உள்ளேயே நெருக்கும். தாங்கி கிழிந்த நொடியில் அதில் ஒரு பங்கு ஆவியாகும். ஆவிக்கோ தண்ணீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும். அந்த இடத்தை அது சுவரிடமும் கூரையிடமும் பறித்துக்கொள்ளும்.

சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. இரவு பகலாக வடிந்தால், வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கலாம். அல்லது குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம். அப்போது வேலை தெரிந்தவரை அழையுங்கள். நிலம் நனைவதுதான் கவலையென்றால் சிறு குழாய் ஒன்றை மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். அதன் வாய் திறந்தே இருக்கட்டும்.

● ஹீட்டர் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுது. அதை விலக்கி நேரடியாகக் கரண்ட் கொடுக்கலாம் என்கிறார் வயரிங் செய்பவர்.
– வாசகர், நிந்தவூர்

அந்த யோசனையை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். ஹீட்டருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் உறை வெடித்தால், கரண்ட் தண்ணீருக்குள் கசியும். வீடுகளில் பூட்டும் ட்ரிப் சுவிட்ச் வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிவுக்குள்ளேயே விழுந்துவிடும். அது விழாவிட்டால் விழப்போவது குளிப்பவர். ஹீட்டரை நிறுத்திப் பாருங்கள்: சுவிட்ச் நிலைத்து நின்றால் குற்றம் ஹீட்டரில், அப்போதும் விழுந்தால் வீட்டு வயரிங்கில். குற்றம் ஹீட்டரில் என்றால் சூடேற்றும் கம்பியை மாற்றுங்கள், ஏர்த் சரியா என்று பாருங்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

● உடனே சூடாக்கும் ஷவர் ஹீட்டரின் பிளக் உருகி மணக்குது. ஹீட்டர் போலியா?
– வாசகர், அட்டாளைச்சேனை

ஹீட்டரைக் குற்றம் சொல்லுமுன் ஒரு கணக்கு. 4,500 வோட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 19.6 அம்பியர். உங்கள் பிளக் 13 அம்பியருக்குச் செய்தது. பதின்மூன்று பேர் ஏறும் தோணியில் இருபது பேரை ஏற்றியிருக்கிறீர்கள். பிளக்கை விடுங்கள். மெயின் போர்டிலிருந்து தனி வயர் – 4 சதுர மில்லிமீற்றர் செம்பு – தனி பிரேக்கர், குளியலறைக்கு வெளியே தனி சுவிட்ச். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

● கிணற்றுத் தண்ணிதான் எங்களுக்கு. மூன்று வருடத்தில் தாங்கி துருப்பிடித்துப் போச்சு.
– வாசகர், மருதமுனை

தாங்கிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து தாங்கியைக் காப்பது அதன் வேலை. உவர்த் தண்ணீரில் அது வேகமாகத் தீரும். தீர்ந்த பிறகு துரு தாங்கியைத் தின்னத் தொடங்கும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றுங்கள். கிணற்றையும் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் கொண்டுவந்து கொட்டிய உப்பை மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. கரையோர மணலில் நன்னீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும்.

● கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹீட்டரை 40 பாகையில் வைத்திருக்கிறோம். சரிதானே?
– வாசகி, ஒலுவில்

சரியில்லை. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் கிருமி பெருகும். 60 பாகைக்கு ஏற்றி, குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பில்லைக் குறைக்க நேரத்தைக் குறையுங்கள். 30 லீற்றருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் செலவு; 1,500 வோட்ஸ் ஹீட்டருக்கு முக்கால் மணி நேரம் போதும். சுபஹுக்கு முன் போடுங்கள், சூடானதும் நிறுத்துங்கள்.

● சூரிய ஹீட்டரை எந்தத் திசை பார்த்து வைப்பது?
– வாசகர், பொத்துவில்

தெற்கு. நமக்குச் சுடுதண்ணீர் தேவைப்படும் மார்கழியில், நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும்.

● லண்டனில் மகனின் வீட்டில் ரேடியேட்டர் கீழே சுடுதாம், மேலே குளிருதாம். பிள்ளை விறைக்கிறான்.
– ஒரு உம்மா, மருதமுனை

உம்மா, மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். மேற்பக்கம் குளிர்ந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சூட்டை நிறுத்தி ஆறவிட்டு, மேல் மூலையிலுள்ள திருகைச் சிறு சாவியால் மெல்லத் திறக்கட்டும். ‘உஸ்’ என்று காற்றுப் போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடட்டும். பிறகு பொயிலரின் அழுத்தமானி ஆறிய நிலையில் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். மாறாக, மேலே சுட்டுக் கீழே குளிர்ந்தால் அது துருச்சேறு. கழுவ ஆள் வேண்டும். எரிவாயு பொயிலரின் உட்புறத்தை மட்டும் தொடவேண்டாம். அது அங்கே ‘காஸ் சேஃப்’ பதிவு பெற்றவரின் வேலை. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. அதற்கென்று அலாரம் ஒன்றைக் கட்டாயம் வைக்கட்டும்.

● நெல் அவிக்கும் பொயிலரில் தண்ணி காட்டும் கண்ணாடி வெறுமையாகிப் போச்சு. உடனே தண்ணி ஏற்றலாமா?
– ஆலைத் தொழிலாளி, சம்மாந்துறை

ஏற்றாதீர்கள், தம்பி! பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பும், குழாய் வெடிக்கும். உமி போடுவதையும் காற்றையும் நிறுத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், தானாக ஆறவிடுங்கள். நீராவிப் பொயிலரைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கவேண்டும் என்பது 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். முதலாளியிடம் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பொயிலரின் அருகில் நிற்பவர் நீங்கள்.

● மஹா ஓயா வெந்நீர் ஊற்று எந்த அடுப்பில் சூடாகிறது?
– மாணவி, அக்கரைப்பற்று

பூமியின் அடுப்பில், மகள். நம் நாட்டில் உயிருள்ள எரிமலை இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்குகிறது; ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். சூடானது வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. அங்கே யாரும் வாயை அடைக்கவில்லை. அதனால் அமைதியாக ஊறுகிறது.

● பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட எவ்வளவு சூடு வேண்டும்?
– உம்மம்மா, காத்திருப்பவர்

37 பாகை. பேசினில் முதலில் குளிர்ந்த தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கலக்கிவிட்டு முதலில் உங்கள் முழங்கை இறங்கட்டும். பிள்ளை பிறகு.