கோணல் முழக்கோல்

கேள்வி: சாட்சிகளைக் கேட்டுத்தானே ஜூரிகள் ‘குற்றவாளி’ என்கிறார்கள்? நீதிபதி ஏதோ தவறாகச் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தண்டனையையே ரத்து செய்யலாமா?

பதில்: முழக்கோலே கோணல் என்றால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் துணி குறையத்தான் செய்யும். ஜூரிகளுக்குச் சட்டம் தெரியாது. நீதிபதி கொடுக்கும் கோல்தான் அவர்களுக்குக் கதி.

இங்கிலாந்தில் ரெஜினால்ட் வுல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி, தாய்வீடு போய்விட்ட மனைவியைத் திரும்ப அழைக்கப் போனான். கோட்டுக்குள் குழல் அறுத்த துப்பாக்கி. ‘வராவிட்டால் என்னையே சுட்டுக்கொள்வேன் என்று காட்டத்தான் எடுத்தேன், வெடித்துவிட்டது’ என்றான். அந்தப் பெண் செத்துப்போனாள். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில், விபத்து என்று காட்ட வேண்டியது அவன் பொறுப்பு என்றார் நீதிபதி. தூக்கு!

1935-இல், அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. ஐயம் மிஞ்சினால் விடுதலை. நீதிபதி சரியாகச் சொல்லியிருந்தாலும் ஜூரிகள் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று உறுதியானால் தண்டனை நிற்கும். இங்கே அந்த உறுதி இல்லை. அவன் கதையை நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால், தூக்குமேடையில் நிற்பவனிடமே ‘நீ நிரபராதி என்று காட்டு’ என்பதை என்னால் ஏற்க முடியாது.