டிரைவர் அண்ணன்

மொட்டைமாடி இருட்டில் முக்காலி மேல் ஒரு தொலைநோக்கி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மடிக்கணினி, அதன் வெளிச்சத்தில் ஒரு முகம். தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முகம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்தான் டிரைவர் அண்ணன்.

தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரும் படமெடுக்கும் கேமராவும் கணினி சொல்வதைக் கேட்க, நடுவில் டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். லினக்ஸில் அதற்கான தொகுப்பு 'இண்டி'. இலவசம். காசு வாங்காது, தூக்கத்தை வாங்கிக்கொள்ளும். "டிரைவர் படுத்துருச்சு" என்று ஒருநாள் இவர் புலம்ப, "ஆக்டிங் டிரைவர் வரச் சொல்லட்டுமா சார்?" என்றார் வாட்ச்மேன்.

மவுஸைத் தொடுவது இவருக்கு இலைச் சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிடுவது மாதிரி. எதையும் தட்டச்சித்தான் நிறுவுவார். 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் இண்டி-ஃபுல்' என்று தட்டும்போது சங்கல்பம் செய்கிற களை முகத்தில் வந்துவிடும். 'ஃபுல்' என்றால் எத்தனையோ கம்பெனிக் கேமராக்களுக்கான டிரைவர்கள். இவரிடம் இருப்பது ஒரே கேமரா.

போன பிப்ரவரியில் ஒருநாள் மேகமே இல்லை. எட்டு மணிக்கு ஒரியன் விண்மீன் கூட்டம் உச்சியில். ஆனால் மோட்டாரின் யுஎஸ்பி கேபிள் கணினியில் தலைகாட்டிவிட்டு உடனே மறைந்தது. கேபிளைத் தொட அனுமதி தரும் 'டயல்அவுட்' குழுவில் தன் பெயரைச் சேர்த்தார். வெளியேறி மறுபடி நுழைந்தார். பயனில்லை. இண்டியையே தூக்கினார். 'ரிமூவ்' போட்டால் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும் என்று 'பர்ஜ்' போட்டார். துணைக்கு வந்தவற்றை 'ஆட்டோரிமூவ்' கொண்டு துரத்தினார். மறுபடி நிறுவினால் பழைய கோளாறான அமைப்பே வந்து நின்றது. காலி செய்துபோன வாடகைக்காரரின் மூட்டை பரணில் கிடப்பதுபோல, ஹோம் அடைவில் 'இண்டி' என்ற மறைவுக் கோப்புறை கிடந்தது. பர்ஜ் அங்கே எட்டிப்பார்க்காது.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. அவர் கணினியில் இருந்த லினக்ஸான உபுண்டு 22.04-இல் கூடவே வரும் பிரெய்ல் கருவிக்கான மென்பொருள், மோட்டார் கேபிளில் இருந்த சிஹெச்340 சில்லைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துவைத்திருந்தது. ஒரே வரியில் அதை நீக்கினார். மோட்டார் உறுமியது. மணி ஒன்றரை. ஒரியன் எதிர் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. "கண்டுபிடிச்சுட்டேன்ல!" என்றார். அன்று எட்டு மணிக்குக் காய்ந்த துணி எடுக்க வந்த அவர் அம்மா, உச்சியில் சிவந்து நின்ற திருவாதிரையை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

உங்கள் மாடியிலும் இப்படி ஒருவர் இருந்தால், "என்ன தெரியுது?" என்று கேட்டு அவர் மனதைப் புண்படுத்தாதீர்கள். "எந்த வெர்ஷன்?" என்று கேளுங்கள். விடியும்வரை பேசுவார்.