கவாத்தில் கைதேர்ந்த பள்ளிக்கு ஒரு பாராட்டுரை

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் ஐயா,

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் இத்தனை பேர் படிக்கிற உங்கள் பள்ளியைப் பாராட்டாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம். என் தங்கை மகள் அங்கே ஐந்தாம் வகுப்பு. அவளுக்காக உங்களைப் பார்க்க வந்தபோதெல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள். கொழுந்து பறித்த கையோடு ஓடிவந்த என் தங்கையையும் நிற்கவிடவில்லை. சொன்னதை முழுக்கக் கேட்டீர்கள். கேட்டபின் எதையும் மாற்றவில்லை. இப்படி அசையாத மனம் எல்லாருக்கும் வாய்க்காது.

உங்களிடம் நான் முதலில் மெச்சுவது சமத்துவத்தை. வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கும், பின்னக் கணக்கை மனசிலேயே போட்டு முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அதே பக்கம், அதே கணக்கு, அதே வேகம். ஒன்றுக்கு அது எட்டவில்லை, இன்னொன்றுக்கு அது போதவில்லை. ஆனால் யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது.

ஒழுங்கைச் சொல்லாமல் விடலாமா? பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிப்போய் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைக் காட்டினீர்கள். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சமதரையை விட்டுவிட்டு இதை ஏன் மலைச்சரிவில் கிடத்தினார்கள் என்று என் தங்கை மகள் கேட்டாள். வரிசையை விட்டு வராதே என்றார் ஆசிரியை. வரிசை கலையவில்லை. வீட்டுக்கு வந்து அட்லஸைப் புரட்டி, நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகை என்று கண்டுபிடித்தாள். அந்தச் சரிவும் ஏறத்தாழ 11 பாகைதான் என்று நான் சொன்னதும் நோட்டை எடுத்துப் படம் போட்டாள்: தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். அந்த மலையைத் தேர்ந்தெடுத்த காரணமே அதுதான், ஐயா. நோட்டு திரும்பி வந்தது. படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே ‘பாடத்துக்கு வெளியே எழுதாதே’. இத்தனை நோட்டுகளுக்கு நடுவே அந்தப் பக்கத்தையும் விடாமல் திருத்தியிருக்கிறார்கள்.

தேயிலையை அப்படியே விட்டால் மரமாகிவிடும். பறிக்கிற கைக்கு எட்ட வேண்டுமே என்று நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறோம். எங்களுக்கு அதற்குக் கத்தி வேண்டும். உங்களுக்கு அதுவும் வேண்டாம். ஜூனில் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஜனவரியில் கை தூக்குவதையே நிறுத்திவிட்டாள். ‘இப்பத்தான் நல்ல அடக்கமா இருக்கா’ என்று பெற்றோர் கூட்டத்தில் மகிழ்ந்து சொன்னீர்கள். அன்று திரும்பும் வழியில் என் தங்கை கேட்டாள்: “நம்ம புள்ள மேல ஏதாச்சும் தப்பாண்ணே?”

உங்களுக்குப் பெரிய முன்னோர் உண்டு. கணக்கைத் தவிர மற்றதில் தேறாத இராமானுஜனின் உதவித்தொகையைக் கும்பகோணம் அரசுக் கல்லூரி நிறுத்தியது. விதிப்படி அது சரி. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அன்றைய இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் அவர் தேறவில்லை. விதிப்படி அதுவும் சரி. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1920-இல், 32 வயதில் மரணம். விதிக்கு மட்டும் கடைசிவரை ஒரு கீறலும் விழவில்லை. அதே கும்பகோணத்தில் நகர உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கிருஷ்ணசாமி ஐயருக்கு உங்கள் கட்டுப்பாடு இல்லை. 1904-இல் இராமானுஜனுக்குக் கணிதப் பரிசு கொடுக்கும்போது, முழு மதிப்பெண்ணும் இந்தப் பையனுக்குப் போதாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

‘எல்லாப் பிள்ளையும் இராமானுஜன் ஆகிவிடுமா?’ என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இவள் மேதையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, இன்னும் கொஞ்சம் கடினமானதைக் கொடுத்துப் பார்ப்பது. அந்தத் துணிச்சலான காரியத்தில் நீங்கள் இறங்கவில்லை. அவ்வளவு எச்சரிக்கையானவர்.

இவ்வளவு பாராட்டியவனுக்கு ஒன்று கேட்க உரிமை உண்டு. வகுப்புத் தாண்டி ஏற்ற வேண்டாம்; பரிசு வேண்டாம், மேடை வேண்டாம். கணக்கு வேளையில் தன் வேலையை முடித்ததும் அவள் கையில் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் நூலக அலமாரியைத் திறந்துவிடுங்கள். வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளையின் பக்கத்திலும் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். கை தூக்குகிற பிள்ளையைப் பேசவிடுங்கள். வருகிற ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறாள். அதற்குள் செய்யுங்கள், ஐயா.