அசையாத உழைப்புக்கு ஓர் அளவுகோல்

எழுபதுகளில் பத்திரிகை புரட்டியவர்களுக்குப் புல்வொர்க்கர் விளம்பரம் மறந்திருக்காது. சட்டை போடாத கட்டுமஸ்தான ஆள் ஒருவர், இரு கைகளாலும் ஒரு குழாயை அழுத்திக்கொண்டு நிற்பார். கூப்பனை நிரப்பி அனுப்பினால் பொருள் வி.பி.பி.யில் வீடு தேடி வரும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. அண்ணன் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தார். தபால்காரரிடம் எண்ணிக் கொடுத்த பணம், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அவர் சேர்த்தது.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், உள்ளே வலுவான ஸ்பிரிங், இரு நுனியிலும் கைப்பிடி, பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு கம்பிவடங்கள். அவ்வளவுதான் கருவி. கைப்பிடிகளை உள்பக்கம் அழுத்தலாம், வடங்களை வெளிப்பக்கம் இழுக்கலாம். எட்டிய நிலையில் ஏழு விநாடி அப்படியே நிற்க வேண்டும். எவ்வளவு அழுத்தினோம் என்று காட்ட, குழாயின் மேல் கோடு போட்ட ஓர் அளவுகோல் இருந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்துவார். கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வது என் வேலை. அதை அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார்.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருந்தது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முழு பலத்தில் மூன்றில் இரண்டு பங்கை, நாளுக்கு ஒரே ஒரு தடவை, ஆறு விநாடி செலுத்தினாலே தசை வலுவாகும். வாரத்துக்குச் சுமார் 5 சதவீதம் பலம் கூடும் என்றார்கள். அந்த வேகம் மிகை என்று பிந்தைய சோதனைகள் காட்டின. ஆனாலும் அசையாமல் செய்யும் பயிற்சி தசையை வளர்க்கும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. அந்த அலையில் பிறந்ததுதான் ஜெர்மானியரான கெர்ட் கோல்பெல் உருவாக்கிய புல்வொர்க்கர்.

எங்கள் பகுதி உடற்பயிற்சிக் கழகத்து வாத்தியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெயிட்டு தூக்கினா தூக்கினது தெரியும் தம்பி. இதுல நீ என்ன செஞ்சேன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பிறகு, "செய்யறதுன்னா செய். ஆனா மூச்சை மட்டும் அடக்காதே" என்றார்.

அவர் கேட்டது ஆழமான கேள்வி. பளு தூக்குகிறவனுக்கு இரும்புத் தட்டே சாட்சி. ஓடுகிறவனுக்குத் தூரம் சாட்சி. அசையாமல் அழுத்துகிறவனுக்குச் சாட்சியே இல்லை. தசை எரிகிறது, கை நடுங்குகிறது, பொருளோ இருந்த இடத்தில் இருக்கிறது. எவ்வளவு பலம் போட்டோம் என்பதற்கு உணர்வு ஒன்றே ஆதாரம். களைத்த கை பாதி பலத்தையே முழு பலம் என்று நம்பவைத்துவிடும். புல்வொர்க்கரின் கோடுகள் இதற்குப் பாதி பதில்தான் சொல்லின. ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அவை காட்டும். அந்த எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஸ்பிரிங் தளர்ந்தால், பலம் கூடாமலே எண் கூடிவிடும்.

இன்று எதெதிலோ சென்சார் வைக்கிறார்கள். பல இடங்களில் அது தேவையில்லாத ஆடம்பரம். ஆனால் இப்படிக் கையில் பிடித்து அழுத்தும் கருவிகளுக்குள் சென்சார் வந்தது, வாத்தியாரின் கேள்விக்குக் காலம் தாழ்த்தி வந்த பதில் என்றே நினைக்கிறேன்.

அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மகள் வாங்கித் தந்த கைப்பிடிக் கருவி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் ஸ்பிரிங் இல்லை. உள்ளே ஒரு சிறு உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தகடு. அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் வளையும். தகட்டின் மின்தடை இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தைச் சிப் ஒன்று பெரிதாக்கிக் கிலோவாகக் கணக்கிடும். ஸ்ட்ரெயின் கேஜ் எனப்படும் இந்த நுட்பம் 1938இல் அமெரிக்காவில் உருவானது. மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசிலும் இதேதான் வேலை செய்கிறது.

முதலில் முழு பலத்தோடு ஒரு பிடி. அதில் 30 சதவீதத்தைக் கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. அந்த அளவில் இரண்டு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். இடையிடையே ஓய்வு விட்டு நான்கு முறை. வாரத்தில் மூன்று நாள். கைப்பேசித் திரையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி நகர்கிறது. அதை வெளியே போகவிடக் கூடாது.

"அன்னிக்கு இருக்கிற பலத்தையெல்லாம் காட்டணும்னு அழுத்தினேன்டா. இது அளவா அழுத்துன்னுது. இதுதான் கஷ்டமா இருக்கு" என்றார் அண்ணன்.

"பரவால்லண்ணே, புள்ளி நடுவுலதான் நிக்குது" என்றேன்.

அவர் சொன்னதில்தான் சென்சாரின் முழுப் பயனும் இருக்கிறது. முழு பலத்தில் 30 சதவீதம் என்பதை மனிதனால் ஊகித்துப் பிடிக்க முடியாது. முதல் அரை நிமிடம் கூடும், கடைசி அரை நிமிடம் குறையும். மாத்திரைக்கு மில்லிகிராம் எப்படியோ, இந்தப் பயிற்சிக்கு இந்த அளவு அப்படி. 2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓய்வாக இருக்கும்போதுள்ள ரத்த அழுத்தத்தை அதிகம் குறைத்தது நடையோ ஓட்டமோ அல்ல, அசையாமல் செய்யும் பயிற்சிதான். மேல் அளவு சராசரியாக 8 புள்ளி இறங்கியிருந்தது. சுவரில் முதுகு சாய்த்து உட்காரும் பயிற்சி, கைப்பிடிப் பயிற்சி இரண்டும் அதில் அடக்கம். இதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அழுத்தும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்குத் தாறுமாறாக ஏறும். கைப்பிடிக்குள் இருக்கும் சென்சாருக்கு மூச்சு தெரியாது. அதற்கு இன்றும் வாத்தியாரின் சொல்தான் காவல்.

போன வருடம் அண்ணன் கைப்பேசியை மாற்றினார். புதியதில் கருவியின் செயலியை இறக்கியபோது பழைய பதிவுகள் ஒன்றும் வரவில்லை. மாதக்கணக்கில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த எண்கள் அத்தனையும் போயின. கேட்டு எழுதியதற்கு விற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது.

இந்தக் கருவிகளைத் தயாரிக்கிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எண், கருவியின் மேலேயே சிறு திரையில் தெரியட்டும். கைப்பேசியும் இணையமும் இல்லாமல் கருவி வேலை செய்யட்டும். தெரிந்த எடையைத் தொங்கவிட்டு அளவு சரிதானா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கட்டும். பதிவுகள், பயிற்சி செய்தவரின் சொத்தாக அவர் கையில் இருக்கட்டும். பலம் அவருடையது என்றால் கணக்கும் அவருடையதுதான்.

எண் கிலோவில் இருப்பதற்கு இன்னொரு பெரிய அர்த்தமும் உண்டு. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் பிடிவலிமையை அளந்த பியூர் ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வந்தது. பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிடி தளர்வதால் உயிர் போகிறது என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் மொத்த வலு எப்படி இருக்கிறது என்பதைக் கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதுமையில் தசை கரைவதைக் கண்டறிய ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வைத்த எல்லை, ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ.

இந்த அளவை எடுக்கும் கருவி நெடுங்காலம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் பெரிய மருத்துவமனையிலும்தான் இருந்தது. இப்போது அது உள்ளங்கையில் அடங்குகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர் மாத்திரையோடு ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு இந்தக் கைப்பிடிக் கருவியும் அவர்கள் பையில் இருக்க வேண்டும். நடை தளர்ந்துபோன ஒரு பாட்டி கீழே விழுந்து இடுப்பு முறிவதற்கு முன்பே, அவர் கைப்பிடி 18 கிலோவுக்குக் கீழே இறங்கியதை யாராவது பார்த்துவிட்டால், உணவையும் பயிற்சியையும் கொண்டு அதைத் தடுக்கப் பார்க்கலாம். இளைஞர்களின் மார்பை அகலமாக்க வந்த ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது.