மாஷி எந்த ரயிலில் வருகிறார்?

கே: இரக்கம், பரிவு இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

ப: இரக்கம் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடும். பரிவு ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கும்.

கே: பக்கத்து சீட்டுப் பெண்ணை மேலாளர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார். பிறகு நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்கிறேன். போதாதா?
– வாசகி, சால்ட் லேக்

ப: அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது. ஆறுதல் மட்டும் ஏன் ஒளிந்து நடக்க வேண்டும்? உங்கள் ஊர்ப் படம்தான், சத்யஜித் ரேயின் ‘மகாநகர்’ (1963), ஒருமுறை பாருங்கள். வீட்டுக் கஷ்டத்துக்காகப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலைக்குப் போகிறாள் ஆரதி. கூட வேலை பார்க்கும் ஆங்கிலோ-இந்தியப் பெண் எடித் அவளுக்கு லிப்ஸ்டிக் பூசிவிடுகிறாள். அந்த எடித் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுவிட்டுத் திரும்பும்போது, முதலாளி அவள் நடத்தையைப் பழித்து வேலையைவிட்டுத் துரத்துகிறார். ஆரதியிடம் நல்லவராகவே நடந்துகொள்ளும் முதலாளிதான். இருந்தும், எடித்திடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள் ஆரதி. அவர் மறுக்கிறார். ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் படியிறங்குகிறாள். கணவன் வேலை பார்த்த வங்கி அதற்குள் திவாலாகி, வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான் மிச்சம்.

நீங்கள் வேலையை விட வேண்டாம். அடுத்த முறை அதே அறையில், ‘சார், அவங்களை இப்படிப் பேசாதீங்க’ என்று சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

கே: என் மனைவி ஆபீஸிலிருந்து லேட்டாக வந்தால் எரிச்சல் வருகிறது. என்ன செய்ய?
– வாசகர், பெஹாலா

ப: நீங்களும் ‘மகாநகர்’ பாருங்கள். ஆரதியின் கணவனுக்கும் இதே எரிச்சல்தான். வேலையை விடச் சொன்னவனே அவன். கடைசியில் வேலையை விட்டுவிட்டு அவள் பயந்துபோய் நிற்கும்போது, அவள் பக்கம் வந்து நிற்பவனும் அவன்தான். நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று ராத்திரியே சோற்றை வடித்து வையுங்கள்.

கே: பரிவு பிறவிக்குணம். அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகி, ஹவுரா

ப: அன்னை தெரசாவே கற்றுக்கொண்டார். கொல்கத்தாவின் எண்டாலியில் ஆண்டுக்கணக்கில் கன்னியர் மடப் பள்ளி ஆசிரியை. 1948இல் மடத்தைவிட்டுச் சேரிக்குப் போகத் துணிந்தபோது, முதலில் பாட்னா சென்று அடிப்படை மருத்துவப் பணி பயின்றார். காளிகாட் கோயிலை ஒட்டி, சாகக் கிடப்பவர்களுக்கான ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்தைத் தொடங்கியது 1952இல். புண்ணைப் பார்த்துக் கலங்குவது மனசு. அதைத் துடைத்துக் கட்டத் தெரிய வேண்டாமா? அதற்குப் பயிற்சி வேண்டும்.

கே: சக ஊழியர் அழும்போது என்ன பேசுவது?
– வாசகர், டல்ஹவுசி

ப: ஒன்றும் வேண்டாம். மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

கே: வீட்டு வேலைக்கு வரும் மாஷி தினமும் லேட். கண்டித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
– வாசகி, டாக்கூரியா

ப: அவர் எந்த ரயிலில் வருகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? உங்கள் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் பலர் கானிங் லோக்கலில் வருகிறவர்கள். சியால்தாவிலிருந்து கானிங் சுமார் 45 கிலோமீட்டர். விடியும் முன்பே தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பெட்டியில் நின்றுகொண்டே வந்து, இறங்கி ஓட்டமும் நடையுமாக உங்கள் வாசலுக்கு வருகிறார். அந்த ரயில் பத்து நிமிடம் தாமதமானால் திட்டு அவருக்கு. நாளைக் காலை முதல் வேலையாக ரயிலைப் பற்றிக் கேளுங்கள் அம்மா. கேட்டுவிட்டு, அவர் வரும் நேரத்தை அரைமணி தள்ளிவையுங்கள்.